டிஜிட்டல் ரேடியோ மலை ஏறுமா, மலையேறிப் போகுமா?

#1 செட்டு மெக்கானிக் (குன்னூர்)
ஞாயிறு, இரவு 9.12

போன வாரம் கடைக்கு ஒரு தம்பி வந்தாருங்க. ஐடி வேலை. வெலிங்டன் பக்கம் வாடகை வீட்டுல உட்கார்ந்தே வேலை பார்க்கறாராம். துணிப்பையில சுத்தி ஒரு ரேடியோ கொண்டு வந்தார். டிஜிட்டல் செட்டு, ஆன்லைன்ல பத்தாயிரத்துக்கு மேல குடுத்து வாங்கினது. "அண்ணா, லைட்டு எரியுது, எஃப்எம் எடுக்குது. டிஜிட்டல்ல போட்டா மட்டும் சத்தமே வரலை. என்ன கோளாறுன்னு பாருங்க"ன்னார்.

பிரிச்சேன், பார்த்தேன், மூடிட்டேன். செட்டுல ஒரு கோளாறும் இல்லீங்க. குன்னூர்ப் பள்ளத்துல பட்டப்பகல்ல அது எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இதை அவருக்குப் புரிய வைக்கறதுக்குள்ள எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு. கூலி வாங்கல. ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சேன்.

அதுல இருந்து மனசுல ஓடிட்டே இருக்கறதை இங்க கொட்டறேன். 2025 அக்டோபர்ல டிராய் (மத்திய அரசோட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ஒரு பரிந்துரை குடுத்துச்சு. தனியார் ரேடியோவுக்கு டிஜிட்டல். ஒரே அலைவரிசையில ஒரு பழைய எஃப்எம், கூட மூணு டிஜிட்டல் சேனல், தகவல் அனுப்ப ஒண்ணு. முதல்ல 13 நகரம். தமிழ்நாட்டுல இருந்து அதுல சென்னை மட்டும்தான். கோயமுத்தூருக்கே இடமில்ல, அப்புறம் நம்ம மலைக்கு எப்ப வரும்? சென்னைக்கு ஏலத்துல குறைஞ்ச விலை 146 கோடி சொல்லியிருக்காங்க. அத்தனை கோடியைப் போடறவன் யார்கிட்ட இருந்து திருப்பி எடுப்பான்? கேக்கறவன் புது செட்டு வாங்கணும். ஒலிபரப்பறவன் புது டிரான்ஸ்மிட்டர் போடணும். விளம்பரக்காரன் பழைய காசையே குடுப்பான். இந்த மூணு பேர்ல முதல்ல பாக்கெட்டுல கை விடப் போறது யாருன்னு யாராச்சும் சொல்லுங்க. டெக்னாலஜி நல்லதா கெட்டதான்னு நான் கேக்கலை. அது நல்லதுதான். வியாபாரம் நடக்குமான்னு கேக்கறேன்.

#2 36 வளைவு (ஊட்டி)
ஞாயிறு, இரவு 9.40

அண்ணே, எஃப்எம்மே கல்லட்டி ஏத்தத்துல ரெண்டு வளைவுக்கு ஒருக்கா வந்து வந்து போகுது. அதோட நம்ம வண்டியில ஏர்ற கஸ்டமர் யாரும் ரேடியோ கேக்கறதில்ல. கதவைச் சாத்தின உடனே "அண்ணா புளூடூத் கனெக்ட் பண்ணிக்கவா?" அவ்வளவுதான் பேச்சு.

#3 ஓய்வுபெற்ற ஏரியல் (கோவை)
ஞாயிறு, இரவு 10.25

மெக்கானிக் ஐயா, வணக்கம். ஒலிபரப்பில் முப்பத்து மூன்று வருடம் பொறியாளராக இருந்தவன். அதில் ஆறு வருடம் கொடைக்கானலில். அந்த உரிமையில் மறுக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் டிஜிட்டல் ரேடியோ இனிமேல்தான் வரவேண்டும் என்பதில்லை, வந்து பல வருடமாகிறது. ஆகாசவாணி 35 மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை டிஆர்எம் (டிஜிட்டல் ரேடியோ மோண்டியால்) என்கிற டிஜிட்டல் முறைக்குத் தயார் செய்திருக்கிறது. டிஆர்எம் 1998இல் சீனாவின் குவாங்சோவில் கூடிப் பேசித் தொடங்கிய அமைப்பு. இதில் பெரிய லாபம் மின்சாரம். பழைய ஏஎம் முறையில் பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுமப்பலை முழுச் சக்தியோடு ஓடிக்கொண்டே இருக்கும். ஆளில்லாத பஸ்ஸை டீசல் போட்டு ஓட்டுகிற மாதிரி. டிஜிட்டலில் அந்த வீண் செலவு பெருமளவு போய்விடுகிறது.

இரண்டாவது, மலை. எஃப்எம்முக்கு மலை எதிரி, உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரே அலை நேராக ஒருமுறை, எதிர் மலையில் பட்டுத் திரும்பி ஒருமுறை என்று கொஞ்சம் பிந்தி வந்து சேரும். ரெண்டும் மோதினால் கரகரப்பு. டிஜிட்டலில் தகவலை நூற்றுக்கணக்கான மெல்லிய அலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அலையிலும் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டு அனுப்புகிறோம். பிந்தி வருகிற எதிரொலி அந்த மூச்சுக்குள் அடங்கிவிடும். சில சமயம் உதவியே செய்யும். ஆக, சமவெளிக்காரனை விட மலைக்காரனுக்குத்தான் டிஜிட்டல் அதிகம் தேவை. இதை நீங்களே இப்படி எழுதினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

#4 செட்டு மெக்கானிக் (குன்னூர்)
ஞாயிறு, இரவு 11.02

சார், கும்பிடறேன். நீங்க கொடைக்கானல்ல டிரான்ஸ்மிட்டரைக் கட்டிக் காத்த காலத்துல நான் இங்க செட்டுக்கு பெல்ட் மாத்திட்டு இருந்தேன். உங்க கணக்கு சரிதான். ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. எஃப்எம் சாகும்போது முனகிட்டே சாகும். டிஜிட்டல் பேசிட்டே இருக்கும்போது பொட்டுனு விழுந்துடும். சிக்னல் கொஞ்சம் குறைஞ்சா எஃப்எம்முல இரைச்சல் கூடும், ஆனா "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை"ங்கறது காதுல விழுந்துடும். டிஜிட்டல்ல அந்தக் கோட்டுக்கு மேல இருந்தா கண்ணாடி மாதிரி சத்தம், கோட்டுக்குக் கீழ போனா கல்லறை. கேத்திப் பள்ளத்துலயும் மஞ்சூர் இறக்கத்துலயும் அந்தக் கோடு வீட்டுக்கு வீடு மாறும் சார்.

இன்னொண்ணு. 35 டிரான்ஸ்மிட்டர் போட்டீங்க, கேட்டவங்க எத்தனை பேரு? என் கடைக்கு டிஜிட்டல் செட்டு வந்தது இதுதான் முதல். அதுவும் நல்லா இருக்கற செட்டு.

#5 பண்ணைக்காடு (கீழ்ப் பழனி மலை)
திங்கள், காலை 6.50

அண்ணனுங்க ரெண்டு பேருக்கும் வணக்கம். காப்பிக் களத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாலு வரி.

எங்களுக்கு ரேடியோன்னா கொடை எஃப்எம்தான். 100.5. 10 கிலோவாட்ட மலை உச்சியில ஏத்தி வச்சாங்கெ பாருங்க, அது மதுரை, திண்டுக்கல், தேனின்னு கீழ இருக்கறவனுக்கு அள்ளிக் குடுக்குது. ஆனா மேலயே இருக்கிற எங்க ஆளுங்களுக்குத்தான் பள்ளத்துல ஒழுங்காக் கெடைக்காது. பூம்பாறைல எங்க சித்தப்பா செட்டை ஜன்னலுக்கு வெளிய கம்பியில தொங்க விட்டுத்தேன் கேப்பாரு. விளக்கடியில இருட்டு கணக்கா.

ஆனா மெக்கானிக் அண்ணன் சொல்ற மாதிரி, கரகரன்னாலும் விட மாட்டாரு. பாட்டுக்கு நடுவுல காத்தடிக்கிற மாதிரி சத்தம் வந்தா, "மழை வருதுடா"ம்பாரு. சில நாளு மழையும் வரும்!

எங்க ஆளுங்க கேக்கறது எதுலன்னு பாருங்க. வத்தலக்குண்டு சந்தையில நானூறு ஐநூறுக்கு ஒரு பாட்டுப் பொட்டி விக்கிறாங்கெ. பென் டிரைவ் சொருகலாம், மெமரி கார்டு சொருகலாம், எஃப்எம்மும் எடுக்கும். பழம் பறிக்கிறப்ப கிளையில மாட்டிக்கிட்டு நாள் பூரா ஓட்டுவாங்கெ. இதை விட்டுட்டு பத்தாயிரத்துக்கு எவன் போவான்? பத்தாயிரத்துக்கு உரம் வாங்கலாம்.

#6 விளம்பர ஆள் (கோவை)
திங்கள், பகல் 1.15

உள்ளே வரலாமா? பதினாலு வருஷமா ரேடியோ விளம்பரம் பிடிச்சுக் குடுக்கற வேலை. எந்த நிலையம்னு கேக்காதீங்க, சோறு போடற இடம்.

பொறியாளர் சார் அலையைப் பத்திப் பேசறார், மெக்கானிக் அண்ணா செட்டைப் பத்திப் பேசறார். காசு எங்கே இருந்து வருதுன்னு நான் சொல்றேன். கோவையில நாலு தனியார் எஃப்எம். நாலு பேரும் தட்டறது ஒரே கதவுகளைத்தான். துணிக்கடை, நகைக்கடை, ஃபர்னிச்சர், கல்லூரி அட்மிஷன், மனை விற்பனை. ஆடித் தள்ளுபடிக்கு ஒரு துணிக்கடை ரேடியோவுக்குன்னு ஒரு லட்சம் ஒதுக்குதுன்னு வெச்சுக்கோங்க. நாளைக்கு ஒவ்வொரு நிலையமும் ஒண்ணு நாலாகப் பிரிஞ்சு பதினாறு சேனல் வந்தா, முதலாளி பதினாறு லட்சமா ஒதுக்குவார்? அதே ஒரு லட்சம்தான். "தம்பி, மூணு சேனல் இலவசமா சேர்த்துப் போடு"ம்பார். பத்து வினாடிக்கு இப்ப கிடைக்கற விலையும் இறங்கும்.

வெளிநாட்டுல நடந்ததும் இதுதான். பிரிட்டன்ல பிபிசி டிஜிட்டலை ஆரம்பிச்சது 1995ல. பதிமூணு வருஷம் கழிச்சு, 2008ல, சேனல் 4 மாதிரி பெரிய கையே "டிஜிட்டல் ரேடியோ எங்களுக்குக் கட்டுப்படியாகாது"ன்னு போட்ட திட்டத்தை எல்லாம் கைவிட்டுது. கனடா இன்னும் மோசம். 1999ல ஆரம்பிச்சு, கேக்க ஆளில்லாம மூடியே விட்டாங்க.

ஒண்ணு மட்டும் பொறியாளர் சார் பக்கம் சொல்றேன். டிஜிட்டல் திரையில கடை பேரு, ஃபோன் நம்பர் ஓட விடலாம். முதலாளிகளுக்கு அது பிடிக்கும். ஆனா அதைப் பார்க்கறதுக்குத் திரை வெச்ச செட்டு வேணுமே, மறுபடியும் முதல் படிக்கே வந்துட்டோம்.

#7 ஓய்வுபெற்ற ஏரியல் (கோவை)
திங்கள், மாலை 4.30

கனடாவைச் சொன்னீர்கள், நார்வேயை ஏன் விட்டீர்கள்? நம்மைப் போல மலையும் பள்ளமுமான நாடு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்து மாளாமல், டிஜிட்டலோடு ஒப்பிட்டால் செலவு எட்டு மடங்கு என்று கணக்குப் பார்த்து, 2017இல் நாடு முழுக்க தேசிய எஃப்எம் சேவைகளை ஒவ்வொரு பகுதியாக நிறுத்தினார்கள். இன்றைக்கும் ரேடியோ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

#8 விளம்பர ஆள் (கோவை)
திங்கள், மாலை 4.41

சார், நார்வே எண்ணெய்க் கிணறு வெச்சிருக்கற நாடு. ஆளுக்கொரு செட்டு வாங்கறது அவங்களுக்கு வடை வாங்கற மாதிரி. அதே மலை நாடு சுவிட்சர்லாந்தையும் பாருங்க. அவங்க பொது ஒலிபரப்பு 2024 கடைசியில எஃப்எம்மை நிறுத்திச்சு. கேக்கறவங்க கணிசமா குறைஞ்சு போனாங்க. தனியார் நிலையக்காரங்க எஃப்எம்மை விடாமப் பிடிச்சுக்கிட்டாங்க. வியாபாரி புத்தி எங்க போகும்னு அதுலயே தெரியலையா?

#9 1602 ரசிகை (ஊட்டி)
திங்கள், இரவு 8.05

எல்லாரும் காசு காசுன்னே பேசறீங்க. நான் பள்ளிக்கூட வாத்தியார், எனக்கு வியாபாரம் தெரியாது. கேக்கத் தெரியும்.

என் பேருக்கு அர்த்தம் கேட்டாங்க ஒருத்தங்க. ஊட்டி வானொலி மீடியம் வேவ்ல 1602 கிலோஹெர்ட்ஸ், 1 கிலோவாட். டயல்ல வலது கோடியில, முள்ளு இனி நகராதுங்கற இடத்துல இருக்கும். படுகப் பாட்டு ரேடியோவுல கேட்டது நான் அதுலதான். எங்க ஹட்டியில (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) அம்மா அடுப்படியில அதை வெச்சுட்டுத்தான் வேலை செய்வாங்க. எந்தத் தனியார் எஃப்எம்மும் படுக மொழிக்கு ஒரு மணி நேரம் குடுக்காது, ஏன்னா துணிக்கடை முதலாளிக்கு அது வேண்டாம். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் பாஷையை எல்லாம் கேக்கவே வேண்டாம். கோத்தகிரியில கீஸ்டோன் தொண்டு நிறுவனத்துக்காரங்க சமுதாய வானொலி நடத்தறாங்களே, அந்த மாதிரி ஆளுங்க கையில மூணு சேனல் கிடைச்சா மூணு பாஷை பேசுமே? இதை யாரும் யோசிக்கலையே.

அப்புறம் மழை. 2009 நவம்பர்ல மலை சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தப்ப ரோடும் இல்ல, ரயிலும் இல்ல. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டிச்சு. எங்க ஹட்டியில மூணு நாள் கரண்ட் இல்ல, செல்போன் செத்துப் போச்சு. அந்த மூணு நாளும் பேட்டரி கட்டை போட்ட ரேடியோ மட்டும்தான் பேசிச்சு. பொறியாளர் சார், டிஜிட்டல்ல எச்சரிக்கை தானாவே வரும்னு எங்கயோ படிச்சேன். நிஜமா?

#10 ஓய்வுபெற்ற ஏரியல் (கோவை)
திங்கள், இரவு 8.48

நிஜம்தான் அம்மா. டிஆர்எம்மில் அவசர எச்சரிக்கை வசதி உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் செட் தானாகவே எச்சரிக்கைச் சேனலுக்குத் தாவும். ஒரே சமயத்தில் பல மொழியில் எழுத்தாகவும் திரையில் வரும். காது கேளாதவர்களும் படிக்கலாம். இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையது.

#11 செட்டு மெக்கானிக் (குன்னூர்)
திங்கள், இரவு 9.30

டீச்சரம்மா சொன்னதுக்கு நான் எதிர்ப்பேச்சு பேச மாட்டேன். ஆனா அவங்க சொன்னது அத்தனையும் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைங்க, வியாபாரம் இல்ல. எச்சரிக்கைக்கு விளம்பரம் வராது. படுகப் பாட்டுக்கு ஏலத்துல 146 கோடி யாரும் கட்ட மாட்டாங்க. நான் சந்தேகப்படறது அந்த இடத்துலதான்.

அந்த பேட்டரி கட்டை விஷயத்துல ஒரு மெக்கானிக்காச் சொல்றேன். எஃப்எம் பாக்கெட் ரேடியோ ரெண்டு கட்டையில வாரக்கணக்குல ஓடும். அந்தத் தம்பியோட டிஜிட்டல் செட்டை மீட்டர்ல வெச்சுப் பார்த்தேன், கரண்டை நல்லாவே குடிக்குது. உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டரே ஓடுது, குடிக்காம என்ன செய்யும்? மூணு நாள் கரண்ட் இல்லாத ஹட்டியில அது முதல் நாள் ராத்திரியே கண்ணை மூடிடும்.

#12 தோட்டத்துப் பையன் (கோத்தகிரி)
திங்கள், இரவு 10.50

இவ்வளவு நேரம் வாசித்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். எங்கள் தாத்தா குடும்பம் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தது. டான்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டத்தில் லயன் வீடு. கையில் கொண்டு வந்த பொருட்களில் ஒன்று ரேடியோ. தாத்தா அதை நுவரெலியாவில் வாங்கினாராம். வந்த இடத்தில் பாஷை ஒன்றுதான், ஆனால் ஆட்கள் "சிலோன்காரன்" என்று தள்ளி வைத்தார்கள். சாயங்காலம் ஆனால் தாத்தா சிலோன் ரேடியோவைப் பிடித்து வைப்பார். அந்த நேரம் மட்டும் லயத்துக்காரர் மட்டுமல்ல, தள்ளி வைத்த ஆட்களும் எங்கள் வாசலில் வந்து உட்காருவார்களாம். கடல் தாண்டி, மலை தாண்டி, இரைச்சலோடு வந்த மீடியம் வேவ். ஒரு பைசா செலவில்லை.

செலவில்லை என்று சொன்னது தப்பு. போஸ்ட் ஆபீஸில் வருடத்துக்குப் 15 ரூபாய் லைசென்ஸ் கட்டினதை அப்பா இன்னும் சொல்வார். எண்பதுகளில் அதை எடுத்துவிட்டார்கள். நம்ம நாட்டு நேயர் ரேடியோவுக்கென்று நேரடியாகக் காசு கொடுத்தது பெரும்பாலும் அதோடு சரி.

நடுவில் ஒரு முயற்சி நடந்தது, யாரும் இங்கே சொல்லவில்லை. வேர்ல்டுஸ்பேஸ். 2000இல் ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் ஏறியது. டிஜிட்டல் ஒலி, சந்தா கட்டினால் கேட்கலாம். ஏ.ஆர்.ரஹ்மான் விளம்பரத் தூதர், அடையாள இசையும் அவரே போட்டார். தமிழுக்குத் தனி சேனல், கர்நாடக சங்கீதத்துக்குத் தனி சேனல். நான் பள்ளியில் படிக்கும்போது எஸ்டேட் டாக்டர் வீட்டில் பார்த்திருக்கிறேன். தட்டு மாதிரி ஒரு ஆண்டனா, கிழக்கே கொஞ்சம் தெற்கு பார்த்த ஜன்னலில். நடுவில் ஒரு யூகலிப்டஸ் மரம். காற்றடித்தால் கிளை அசையும், கிளை அசைந்தால் ராகம் அறுந்துவிடும். டாக்டர் மரத்தை வெட்டச் சொன்னார், தோட்டத்து மேனேஜர் முடியாது என்றார், அதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்று போனது வேறு கதை.

2008இல் அந்தக் கம்பெனி அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31ஓடு இந்தியாவில் சேவை நின்றது. அவர்களுக்கு அதிகச் சந்தாதாரர்கள் இருந்ததே இந்தியாவில்தான், லட்சக்கணக்கில். சரக்கு மட்டமில்லை. அந்தச் சங்கீதச் சேனலைப் போல இன்னொன்று இன்றுவரை வரவில்லை என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால்தான் "தரம் நன்றாக இருந்தால் சனம் வரும்" என்ற வாதத்தை நான் நம்புவதில்லை.

#13 பண்ணைக்காடு (கீழ்ப் பழனி மலை)
செவ்வாய், காலை 6.35

டாக்டரும் மேனேஜரும் அப்புறம் ராசி ஆனாங்களாண்ணே? காப்பி எறங்க மாட்டேங்குது.

#14 தோட்டத்துப் பையன் (கோத்தகிரி)
செவ்வாய், காலை 7.10

இல்லை தம்பி. மரம் 2009 மழையில் தானாக விழுந்தது. அடுத்த மாசம் சேவையும் நின்றுவிட்டது.

#15 செட்டு மெக்கானிக் (குன்னூர்)
செவ்வாய், காலை 10.20

கோத்தகிரித் தம்பி எழுதினதைப் படிச்சுட்டு கடையில உட்கார்ந்து சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு வரலை.

டிஜிட்டல்னா என்னன்னு ஊட்டிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாங்க. 1960ல நம்ம ஊருக்கு ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் வந்துச்சு. இந்து நகர்னு ஒரு ஊரே அந்த ஃபிலிம் பேருல எழுந்துச்சு. கேமரா ரோலு, எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்க இருந்துதான் போச்சு. டிஜிட்டல் கேமரா வந்துச்சு, ரோலு போச்சு. ஏற்கெனவே கடன்ல தள்ளாடிட்டு இருந்த ஆலை, எழுந்திரிக்கவே இல்ல. அப்ப "டிஜிட்டல் வந்தா பழசு போயிடும்"னுதானே எல்லாரும் கத்துக்கிட்டோம்? ரேடியோவுலயும் அப்படித்தான் நடக்கும்னு பொறியாளர் சார் நினைக்கிறார்னு படுது.

ரெண்டும் வேற சார். டிஜிட்டல் கேமரா வாங்கினவனுக்கு அன்னிக்கே லாபம். ரோலு வாங்க வேண்டாம், கழுவ வேண்டாம். டிஜிட்டல் ரேடியோ வாங்கினவனுக்கு அன்னிக்கு என்ன லாபம்? எஃப்எம் இலவசமாவே வருது. எஃப்எம்மைக் கொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்னா அது டிஜிட்டல் ரேடியோ இல்ல, கையில இருக்கற போன். 2016ல ஜியோ வந்த அன்னிக்கே அந்த வேலை ஆரம்பிச்சுடுச்சு. ஆகாசவாணியே ஆப்புல வருது, இருநூறுக்கு மேல சேனலு. டிடி ஃப்ரீ டிஷ்ல நாப்பதுக்கு மேல ரேடியோ சேனலு, மாசக் காசு கிடையாது. டிஜிட்டலா கேக்கணும்னு ஆசைப்படறவனுக்கு ரெண்டு வழி ஏற்கெனவே திறந்து கிடக்கு. மூணாவது வழிக்கு டிக்கெட் வெச்சா யாரு வருவா?

#16 ஓய்வுபெற்ற ஏரியல் (கோவை)
செவ்வாய், காலை 11.05

ஆப் என்றால் டேட்டா வேண்டும், டவர் வேண்டும். டவர் விழுந்த அன்று என்ன செய்வீர்கள் என்பதற்கு ஆசிரியை சொன்னதை மீண்டும் ஒருமுறை படியுங்கள். ஒரு டிரான்ஸ்மிட்டர் ஒரு லட்சம் பேருக்குப் பேசினாலும் பத்து லட்சம் பேருக்குப் பேசினாலும் செலவு ஒன்றுதான். போனில் அப்படியில்லை. ஆளுக்கு ஆள் தனி இழை. இந்த அடிப்படை கூடத் தெரியாமல் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்கள்

#17 நெறியாளர்
செவ்வாய், காலை 11.12

ஐயா, உங்கள் பதிவின் கடைசி வரியை அனுப்புவதற்கு முன் நீங்களே நிறுத்திவிட்டீர்கள் போல. நல்லது. அப்படியே விட்டுவிடுவோம். ஆளைப் பற்றி வேண்டாம், அலையைப் பற்றிப் பேசுங்கள்.

#18 செட்டு மெக்கானிக் (குன்னூர்)
செவ்வாய், காலை 11.30

பரவாயில்லீங்க. எனக்குப் பெரியவர் மேல கோவமில்ல. அவர் டிரான்ஸ்மிட்டர் பக்கம் நின்னு பார்க்கறார், நான் ஸ்பீக்கர் பக்கம் நின்னு பார்க்கறேன். நடுவுல ஒரு மலை.

மலைன்னதும் ஞாபகம் வந்துச்சு. முத்தொரையில 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஆண்டனா மலைச்சரிவுல 1970ல இருந்து கிடக்கு, வானத்துல இருந்து வர்ற ரேடியோ அலையைப் பிடிக்க. நட்சத்திரம் பேசறதைக் கேக்கற ஊருல பக்கத்து ஊரு பேசறது கேக்கலைன்னு சண்டை போட்டுட்டு இருக்கோம்.

#19 ஓய்வுபெற்ற ஏரியல் (கோவை)
செவ்வாய், பகல் 12.15

மன்னிக்க வேண்டும். அந்த வரி நான் எழுதியிருக்கக் கூடாது.

#20 விளம்பர ஆள் (கோவை)
செவ்வாய், மாலை 6.20

ஒரு தகவல், யாரும் கவனிச்ச மாதிரி தெரியலை. 2024 ஆகஸ்ட்ல மத்திய அமைச்சரவை 234 புது ஊர்ல 730 எஃப்எம் சேனல் ஏலம் விடலாம்னு ஒப்புதல் குடுத்துது. தமிழ்நாட்டுப் பட்டியல்ல குன்னூரும் இருக்கு, திண்டுக்கல்லும் இருக்கு. எல்லாம் சாதா எஃப்எம். 2023 ஏப்ரல் 28ஆம் தேதி பிரதமர் ஒரே நாள்ல 91 எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் திறந்து வெச்சார், ஒவ்வொண்ணும் 100 வாட். அதுவும் சாதா எஃப்எம். அதே வருஷம் ஜனவரியில ஆகாசவாணிக்கும் தூர்தர்ஷனுக்கும் 2,500 கோடிக்கு மேல ஒதுக்கினாங்களே, அதுலயும் ஆகாசவாணி எஃப்எம்மைப் பரப்பறது ஒரு முக்கிய வேலை. அரசாங்கத்தோட வாய் டிஜிட்டல் பேசுது, கை எஃப்எம் கட்டுது. நான் கையைத்தான் நம்புவேன்.

ஆனா குன்னூர் ஏலத்துக்கும் ஆள் வருமான்னு எனக்குச் சந்தேகம்தான். குன்னூர்ல விளம்பரம் குடுக்க யாரு இருக்கா? வர்க்கி பேக்கரி, சாக்லேட் கடை, நாலு ஓட்டல். சீசன் ரெண்டு மாசம். மீதி பத்து மாசம் சம்பளம் யாரு குடுப்பா? செய்தியாவது சொந்தமா போடலாம்னா அதுவும் கூடாது, ஆகாசவாணி செய்தியைத்தான் அப்படியே போடணும். உள்ளூர்ச் செய்தியைச் சொந்தமா சொல்லக் கூடாத உள்ளூர் ரேடியோவை யாரு கேப்பா? எனக்குக் கேட்டா, டிஜிட்டலுக்கு முன்னாடி அந்தத் தடையை எடுத்தா ரேடியோ இன்னும் இருபது வருஷம் தாங்கும்.

#21 1602 ரசிகை (ஊட்டி)
செவ்வாய், இரவு 7.45

கடைசி வாக்கியத்தைப் பெரிய எழுத்துல எழுதி ஒட்டணும்.

போன்ல எஃப்எம் கேக்கலாம்னாலும் அதுக்கும் இயர்போன் கம்பிதான் ஏரியல். இப்ப வர்ற போன்ல அந்த ஓட்டையே இல்ல. போன்ல எஃப்எம் இருக்கணும்னு 2023ல மத்திய அரசு கம்பெனிகளுக்குச் சொல்லிச்சு. என் புதுப் போன்ல அது இல்ல. அம்மாவோட பழைய பட்டன் போன்ல இருக்கு.

#22 36 வளைவு (ஊட்டி)
புதன், இரவு 11.20

எல்லாரும் படிச்சவங்க, நல்லாப் பேசறீங்க. நான் போய்ப் பார்த்துட்டே வந்துட்டேன்.

மச்சான் ஆறு மாசம் முன்னாடி புது வண்டி எடுத்தான். இந்த இழையைப் படிச்சுட்டு அதோட திரையை நோண்டினா, எஃப்எம், ஏஎம் கீழ டிஆர்எம்னு ஒண்ணு இருக்கு! ஆறு மாசமா அவனுக்கே தெரியாது. ஏதோ லாக் சிஸ்டம்னு நினைச்சுட்டு இருந்திருக்கான். பொறியாளர் சார், உங்க செட்டு லட்சக்கணக்குல ரோட்டுல ஓடிட்டு இருக்கு, ஓட்டறவனுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

இன்னிக்கு சாயங்காலம் மசினகுடியில ஒரு குடும்பத்தை ஏத்திட்டு ஊட்டிக்கு வரணும். நான் அவன் பக்கத்துல உட்கார்ந்தேன். மசினகுடியில ஏழு மணிக்கு ஸ்கேன் போட்டோம். ரெண்டு நிமிஷம் சுத்திச்சு. திடீர்னு பிடிச்சுது. சத்தம்னா சத்தம், பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி. ஒரு துளி இரைச்சல் இல்ல. மெக்கானிக் அண்ணே, சத்தியமா சொல்றேன், அப்படி ஒரு சுத்தத்தை ரேடியோவுல நான் கேட்டதே இல்ல. திரையில பேரு வந்துச்சு. பெங்களூரு. கன்னடத்துல செய்தி.

பின்னாடி உட்கார்ந்திருந்தவங்க சென்னை. "என்ன அண்ணா, கன்னடம் கத்துக்கறீங்களா?"ன்னு கேட்டாங்க. கல்லட்டி ஏத்தத்துல ஏழாவது வளைவு வரைக்கும் வந்துச்சு. எட்டாவதுல திரும்பினோம், ஒரு வார்த்தை பாதியில இருக்கும்போதே நின்னு போச்சு. இரைச்சலும் இல்ல, முனகலும் இல்ல. மச்சான் செட்டு ரிப்பேர் ஆயிடுச்சுன்னு பயந்துட்டான். இருபத்தஞ்சு தாண்டி மேல, மைசூர்ப் பக்கம் திறந்த இடம் வந்ததும் தானாவே திரும்பப் பேச ஆரம்பிச்சுது, அப்போ கிரிக்கெட் ஸ்கோர் ஓடிட்டு இருந்துச்சு. நடுவுல என்ன நடந்துச்சோ தெரியாது. அதுக்குள்ள பின்னாடி இருந்த பொண்ணு புளூடூத் கேட்டுடுச்சு. குடுத்துட்டோம்.

#23 ஓய்வுபெற்ற ஏரியல் (கோவை)
வியாழன், காலை 5.55

இருநூறு கிலோமீட்டர் சுமார் இருக்கும், பெங்களூருக்கும் மசினகுடிக்கும். சுத்தமாக வந்ததா? இரைச்சலே இல்லையா? அந்த நேரம், இடம் எல்லாம் எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள் தம்பி. ராத்திரி தூக்கம் வரவில்லை.

#24 செட்டு மெக்கானிக் (குன்னூர்)
வியாழன், காலை 10.05

அந்த வெலிங்டன் தம்பியோட செட்டு இன்னும் கடையிலதான் இருக்கு. இன்னிக்கு வர்றேன்னிருக்கார். சாயங்காலமா அதைத் தூக்கிட்டு மசினகுடி போகச் சொல்றேன். அதுக்கு முன்னாடி கன்னடம் தெரியுமான்னு கேட்டுக்கறேன்.

#25 36 வளைவு (ஊட்டி)
வியாழன், காலை 10.09

மச்சான் வண்டி இருக்குண்ணே. போக வர வாடகை, வெயிட்டிங் தனி.